உதட்டுக் கொப்புளத்துக்கு 18,000 ரூபாய்! பெற்றவர்களே, உஷார்

மகளுக்குக் கீழுதட்டின் உள்பக்கம் ஒரு கொப்புளம். பட்டாணி அளவு, லேசான நீலம், வலியே கிடையாது. தானாக உடைந்து வடியும், கொஞ்ச நாளில் திரும்ப உப்பும்.

ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பல் கிளினிக் ஒன்றுக்குப் போனோம். டாக்டரம்மா உதட்டை மடித்துப் பார்த்துவிட்டு, "என்ன கட்டின்னு இப்பவே சொல்ல முடியாது சார், நாளைக்கு வேற மாதிரி ஆயிட்டா?" என்றார். எந்த அப்பனுக்கு வயிறு கலங்காது? உடனே குரல் குழைந்தது. "லேசர்ல எடுத்துடலாம், திரும்ப வரவே வராது. எடுத்த சதையை லேப்ல பயாப்சி டெஸ்ட்டுக்கும் நாங்களே அனுப்பிடுவோம். என் பொண்ணா இருந்தாலும் இதைத்தான் செய்வேன்." சொல்லிக்கொண்டே மகள் தலையைத் தடவினார். 18,000 ரூபாய் கட்டினேன். பில்லில் பயாப்சிக்கென்று தனி வரியே இருக்கிறது.

புண் ஆறிய கையோடு அதே இடத்தில் அதே கொப்புளம். போன் செய்தால் "அது தழும்பு சார்". நேரில் போனால் "பாப்பா உதட்டைக் கடிக்கிறா, நாங்க என்ன பண்றது". டாக்டரம்மா வேறு கிளைக்கு மாறிவிட்டாராம். பயாப்சி ரிசல்ட் "லேப்ல இருந்து வரல". எந்த லேப் என்றேன். ரிசப்ஷன் பெண் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கடைசியில் மேனேஜரிடமிருந்து வாட்ஸப்: அடுத்த சிட்டிங்குக்கு 20% தள்ளுபடியாம். 18,000 ரூபாயை முழுங்கிவிட்டுத் தள்ளுபடி!

அரசு பல் மருத்துவமனையில் பார்த்ததுமே மியூகோசீல் என்றார்கள். உதட்டைக் கடிக்கும்போது உள்ளே இருக்கும் குட்டி உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் கிழிந்து, கொழகொழவென்ற நீர் சதைக்குள் தேங்குவதுதான் இது. பிள்ளைகளுக்குச் சர்வசாதாரணம், புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிலது தானே அடங்கிவிடும். எடுப்பதென்றால் அடியில் இருக்கும் சுரப்பியோடு சேர்த்து எடுக்க வேண்டும், மேலாகப் பொசுக்கிவிட்டால் திரும்ப வரத்தான் செய்யும். லேசர் மேல் குற்றமில்லை. சுரப்பியை விட்டுவிட்டு "வரவே வராது" என்றார்களே, அதுதான் பித்தலாட்டம்.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. கட்டி என்னவாக இருக்கும் என்று சொல்லாமல் விலையைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பயாப்சிக்குப் பணம் கட்டினால் லேப் பெயரை அன்றைக்கே எழுதி வாங்குங்கள். மேலண்ணத்து நடுவில் கல் மாதிரி எலும்பு மேடு பலருக்கும் உண்டு, பெரும்பாலும் அதற்கு வைத்தியமே தேவையில்லை, அதைக் காட்டியும் பயமுறுத்துவார்கள். ஆனால் 2 வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளை, சிவப்புத் திட்டு என்றால் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். 18,000 ரூபாயும் வேண்டும், அந்த பயாப்சி ரிப்போர்ட்டும் வேண்டும்.