என்சிடியூ: டிஸ்க் நிரம்பினால் நான் முதலில் திறப்பது

சர்வரில் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் எழுத மறுக்கும்போது, லினக்ஸில் டிஸ்க்கின் மொத்த நிலவரம் சொல்லும் டிஎஃப் (df) கட்டளை 100% என்று காட்டும், அவ்வளவுதான், இடத்தை எது தின்றது என்று சொல்லாது. அதற்கு, ஃபோல்டர்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ (du) கட்டளை இருக்கிறது, சரி, ஆனால் ஒரு ஃபோல்டருக்குள் போய் அடித்து, பெரியதாகத் தெரிவதற்குள் நுழைந்து மறுபடி அடித்து என்று போனால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எண்ணும். போதாததற்கு நட்சத்திரக் குறி போட்டு அடித்தால் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் கணக்கிலேயே வராது. நான் அரை மணி நேரம் தேடிய 40 ஜிபி, அப்படிப் புள்ளியில் தொடங்கும் டாட் கேஷ் (.cache) ஃபோல்டருக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

என்சிடியூ (ncdu) இதே வேலையைத் திரையில் பட்டியலாகக் காட்டும் புரோகிராம், ஒரே தடவைதான் எண்ணும். அப்புறம் அம்புக்குறி பட்டன்களை வைத்து உள்ளே போகலாம், வெளியே வரலாம், பெரியது எப்போதும் மேலே நிற்கும். சி எழுத்தைத் தட்டினால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை ஃபைல் என்று காட்டும். இடம் இருந்தும் ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துபோய் தவிக்கும்போது, லட்சக்கணக்கில் குட்டி செஷன் ஃபைல்கள் குவிந்த இடம் இதில்தான் பிடிபடும்.

ரூட்டிலிருந்து, அதாவது எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே இருந்து, ஓட்டினால் மைனஸ் எக்ஸ் (-x) போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மவுண்ட் செய்த நெட்வொர்க் டிஸ்க்கையும் சேர்த்து எண்ணப் போய்விடும்.

டி எழுத்துதான் எனக்குப் பயம். அழிக்கவா என்று கேட்கும், கூடவே 'இனி கேட்காதே' என்றும் ஒரு வாய்ப்பு தரும். சோம்பேறித்தனத்தில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அடுத்த வரியில் இருந்த பேக்கப் ஃபோல்டரை ஒரே தட்டில் காலி செய்தவன் நான். குப்பைத்தொட்டி எல்லாம் கிடையாது, போனது போனதுதான். அன்றிலிருந்து பிறர் சர்வரில் மைனஸ் ஆர் (-r) இல்லாமல் திறப்பதில்லை, அதில் டி தட்டி அழிக்க முடியாது.

ஒரு விஷயம் இதற்குக் கண்ணில் படாது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் திறந்து வைத்திருக்கும் லாக் ஃபைலை அழித்தால் பெயர் போய்விடும், இடம் திரும்ப வராது. டிஎஃப் நிரம்பியது என்கும், என்சிடியூ பாதிதான் என்கும். அப்போது, திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையில் பிளஸ் எல் 1 (+L1) போட்டுப் பாருங்கள், பிடித்துக்கொண்டிருக்கும் புரோகிராம் பெயரோடு வரும். அதை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும்.