விசாவில் இருக்கிறீர்களா? "மிஸ்டிமீனர்தானே" (சிறு குற்றம்தானே) என்கிற வக்கீலிடம் கேஸைக் கொடுக்காதீர்கள்

என் தம்பி கலிஃபோர்னியாவில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்த்த பெண் பேச வேண்டாம் என்று சொன்ன பிறகும் மெசேஜ் அனுப்பினான், அவர் வீட்டு வாசலுக்கும் போனான் என்று அவன்மேல் ஸ்டாக்கிங் வழக்கு. அந்தப் பெண் பயந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. அதை விசாரிக்கத்தான் கோர்ட் இருக்கிறது. என் ஆத்திரமெல்லாம் அவனுக்காக வாதாட வேண்டிய வக்கீல்மேல்.

தெரிந்தவர் ஒருவர் கைகாட்டிய ஆள். மொத்த ஃபீஸையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். அப்புறம் போனை எடுத்ததெல்லாம் உதவியாளர்தான்.

அந்த மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 646.9-ம் பிரிவின்படி, பின்தொடர்ந்ததையோ தொல்லை கொடுத்ததையோ மட்டும் காட்டினால் போதாது. நம்பும்படியான மிரட்டல் இருந்தது, பயமுறுத்தும் நோக்கம் இருந்தது என்றும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். மிரட்டலை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, நடத்தையிலிருந்தே ஊகிக்கலாம். அதனால்தான் முழு உரையாடலும் முக்கியம். போலீஸ் அறிக்கையில் இருந்தது சில ஸ்க்ரீன்ஷாட்கள் மட்டும். தம்பி மொத்த சாட்டையும் முதல் வாரமே மெயில் பண்ணியிருந்தான். கோர்ட் வராந்தாவில் அதைப் பற்றிக் கேட்டபோது வக்கீல் கேட்டார்: "எந்த சாட்?" அபார்ட்மென்ட் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி ஒரு கடிதம்கூடப் போடவில்லை. இப்போது அந்தப் பதிவே இல்லை.

அதே வராந்தாவில் ஒரு படிவத்தை நீட்டி, "நோ கான்டெஸ்ட் சொல்லிடு, ஜெயில் கிடையாது, புரொபேஷனோட முடிஞ்சிடும். மிஸ்டிமீனர்தானே, விசாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். நோ கான்டெஸ்ட் என்றால் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் தண்டனையை ஏற்பது, புரொபேஷன் என்றால் கோர்ட் நிபந்தனைகளோடு வெளியே இருப்பது. படிவத்தில் நாடு கடத்தல் பற்றிய வரிக்குப் பக்கத்தில் இனிஷியல் போட ஒரு கட்டம். அதைப் பார்த்துப் பயந்துபோய் தம்பி எனக்குப் படம் அனுப்பினான். கையெழுத்துப் போடாதே என்றேன். வேறு தேதி வாங்கினோம், வேறு வக்கீலைப் பிடித்தோம்.

அவர் விளக்கிய பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. குடியேற்றச் சட்டத்துக்கு நோ கான்டெஸ்டும் தண்டனைத் தீர்ப்புதான். ஸ்டாக்கிங் குற்றம் அந்தச் சட்டத்தில் நாடு கடத்தும் காரணங்களில் ஒன்று, மிஸ்டிமீனர் என்று தனிச் சலுகை கிடையாது. 646.9 அந்தக் காரணத்துக்குள் வரும் என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2012-ல் சொன்னது, 2018-ல் அதுவே வராது என்று மாற்றிக்கொண்டது. சரி, தப்பித்தோம் என்று பார்த்தால், 2020-ல் கலிஃபோர்னியாவும் அடங்கிய ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஒழுக்கக்கேடான குற்றம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. எத்தனை நாள் தண்டனை, எப்போது நாட்டுக்குள் வந்தான் என்பதையெல்லாம் பொறுத்து விசாவும் கிரீன் கார்டும் அடிபடலாம். இவ்வளவு சிக்கலை ஒரே வரியில் "ஒண்ணும் ஆகாது" என்று எப்படிச் சொல்ல மனம் வந்தது?

குடியேற்ற விளைவுகள் பற்றி அறிவுரை தருவது வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-லேயே படில்லா எதிர் கென்டக்கி வழக்கில் சொல்லிவிட்டது. கலிஃபோர்னியாவில் தண்டனைச் சட்டம் 1016.3-லும் இருக்கிறது. பணம் கட்டும் முன்னாலேயே, குடியேற்ற விளைவுகளைப் பார்த்து எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். வசதியில்லாவிட்டால் பப்ளிக் டிஃபெண்டரை (அரசு செலவில் வாதாடும் வக்கீலை) கேளுங்கள், பல கவுன்ட்டிகளில் அவர்களிடம் குடியேற்றச் சட்டம் தெரிந்தவர்களே இருக்கிறார்கள்.

பழைய வக்கீல் ஃபீஸ் திரும்பக் கிடைக்காது என்கிறார். செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தை அங்கே அப்படி வைத்துக்கொள்ள முடியாது. கட்டண மத்தியஸ்தத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். கட்சிக்காரர் கேட்டால் வக்கீல் வர மறுக்க முடியாது.