ரொக்கமா, டெபிட் கார்டா, ப்ரீபெய்டு கார்டா? பிள்ளையின் வெளிநாட்டுப் பயணத்துக்கு எதைக் கொடுத்து அனுப்பலாம்

பள்ளிக் குழுவோடு பன்னிரண்டு நாள் வெளிநாட்டுப் பயணத்துக்கு மகளின் பெயரைக் கொடுத்ததிலிருந்து பாஸ்போர்ட், விசா, பெற்றோர் சம்மதக் கடிதம், இன்ஷூரன்ஸ் என்று ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வந்தது. அதற்கெல்லாம் கூடப் போகும் ஆசிரியர்களே பட்டியல் கொடுத்துவிட்டார்கள். கடைசிவரை இழுத்தடித்தது கைச்செலவுப் பணத்தை எப்படிக் கொடுத்து அனுப்புவது என்ற கேள்விதான். தங்குமிடம், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் முன்பே கட்டியாகிவிட்டது, மிச்சம் இருப்பது தண்ணீர் பாட்டில், நொறுக்குத் தீனி, நினைவுப் பொருள், அவசரத்துக்கு ஒரு டாக்ஸி, அவ்வளவுதான். தொகை சிறியது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போகிறவளுக்குப் பதினைந்து வயது.

ரொக்கம், என் வங்கிக் கணக்கோடு சேர்ந்த டெபிட் கார்டு, முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் ப்ரீபெய்டு கார்டு, இந்த மூன்றில் நாங்கள் ப்ரீபெய்டு கார்டை எடுத்தோம், கூடவே கொஞ்சம் ரொக்கம். இன்னொரு முறை அனுப்பினாலும் இதையேதான் செய்வேன், அதனால் நான் சொல்வது அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ரொக்கத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சார்ஜ் வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், தொலைந்தால் போனதுதான். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். பயணம் என்றதும் சொந்தக்காரர்கள் "போன தடவை மிஞ்சினது, வச்சுக்கோ" என்று பழைய வெளிநாட்டு நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்பாகக் கொடுப்பதுதான், ஆனால் பிரிட்டனின் காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடையில் செல்லாது. சுவிட்சர்லாந்தின் முந்தைய வரிசை நோட்டுகளும் 2021 ஏப்ரல் 30-ஓடு அப்படித்தான் ஆனது. அந்தந்த நாட்டு மத்திய வங்கியில் மாற்றலாம், சரி, ஆனால் குழுவோடு ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை அதற்கு எங்கே போகும்? கொடுப்பதைச் சின்ன நோட்டுகளாகக் கொடுங்கள், பெரிய நோட்டை நீட்டினால் சின்னக் கடைகளில் சில்லறை இல்லை என்று திருப்பிவிடுவார்கள். பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான், ஆசிரியரும் உறைகளை வாங்கி வைத்துக்கொண்டு தினமும் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்க ஒத்துக்கொள்கிறார் என்றால் ரொக்கமே போதும், கார்டுப் பக்கமே போக வேண்டாம்.

டெபிட் கார்டு கையிலேயே இருக்கிறது, புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் ஆன் செய்தால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். என்னைத் தயங்க வைத்தது, அந்தக் கார்டுக்குப் பின்னால் இருப்பது வீட்டுச் சேமிப்பு முழுவதும் என்பது. தினசரி வரம்பைக் குறைத்து வைக்கலாம்தான், ஆனால் குறைத்து வைத்தாலும் கார்டு நம்பர் வேறு யார் கைக்காவது போனால் முடக்க வேண்டியது அன்றாடம் நாம் புழங்கும் கார்டை. இன்னொன்று, அங்கே ஆன்லைனில் ஒரு மியூசியம் டிக்கெட் எடுக்கிறாள் என்று வையுங்கள், ஓடிபி வருவது என் போனுக்கு. அவளுக்குப் பகல், எனக்கு நடுராத்திரி.

மெஷினில் கார்டைப் போட்டதும் "உள்ளூர் கரன்சியிலா, உங்கள் நாட்டுக் கரன்சியிலா" என்று கேட்கும் இடம், டெபிட் கார்டுக்கும் ப்ரீபெய்டுக்கும் பொதுவானது. தெரிந்த கரன்சியைப் பார்த்ததும் விரல் அதில்தான் போகும். போகக் கூடாது. அதை அழுத்தினால் கரன்சி மாற்றும் வேலையைக் கடைக்காரரின் தரப்பே செய்கிறது, லாபத்தைச் சேர்த்துத்தான் விலை போடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலிலிருந்து அந்தக் கூடுதல் எவ்வளவு சதவீதம் என்று காட்டியாக வேண்டும், ஆனால் பின்னால் வரிசை நிற்கும்போது பதினைந்து வயதுப் பிள்ளை அதைப் படித்துக்கொண்டிருக்குமா? ப்ரீபெய்டு கார்டில் ஏற்கெனவே அந்த நாட்டுக் கரன்சியை ஏற்றியிருந்தால் இதில் இரண்டு முறை அடி விழும், அந்த ஊர்ப் பணம் நம் ஊர்ப் பணமாகி மறுபடியும் அந்த ஊர்ப் பணமாகும். "எங்கே இருக்கியோ அந்த ஊர்க் காசு" என்று சொல்லி அனுப்பினேன். அது அவளுக்கு நினைவில் நின்றது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது செலவும் இல்லை, கமிஷனும் இல்லை. தொலைந்தால் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும் என்பதுதான்.

நான்காம் நாள். எங்களுக்கு ராத்திரி இரண்டு மணி, போன் அடிக்கிறது. "அம்மா, கார்டைக் காணோம்மா." குரலே உடைந்திருந்தது. பஸ்ஸில் விட்டாளா, டிக்கெட் கவுன்ட்டரில் விட்டாளா, எதுவும் தெரியவில்லை. "சரிம்மா, ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு ஆப்பைத் திறந்து லாக் செய்தேன். கடைசியாகப் போன செலவு அன்று காலை அவள் வாங்கிய பட அட்டைகள், அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அதைச் சொன்னதும்தான் அவள் அழுகை நின்றது. கார்டு வாங்கும்போதே கூட ஒரு மாற்றுக் கார்டும் கொடுத்திருந்தார்கள், அதே பணம், தனி நம்பர், தனி பின். அதை ஒட்டிய உறையில் போட்டு ஆசிரியரிடம் கொடுத்து வைத்திருந்தோம். மறுநாள் காலை அதை வாங்கிக்கொண்டு அவள் பாட்டுக்குக் குழுவோடு கிளம்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்துத் தொலைந்த கார்டு மழைக்கோட்டின் உள்பையில் கிடைத்தது, லாக்கை எடுத்துவிட்டேன்.

இதே இடத்தில் டெபிட் கார்டு இருந்திருந்தால்? அதையும் லாக் செய்திருக்கலாம், அது உண்மை. ஆனால் அதற்கப்புறம் மிச்ச எட்டு நாளுக்கு அவள் கையில் என்ன? புதுக் கார்டு வீட்டு முகவரிக்குத்தான் வரும். ரொக்கமாக இருந்திருந்தால் ஆசிரியர்தான் தன் கைக்காசைக் கொடுத்திருக்க வேண்டும். மாற்றுக் கார்டு எல்லா நிறுவனமும் தருவதில்லை, தந்தாலும் ஒன்றை லாக் செய்தால் மற்றதும் நின்றுவிடுமா என்பதை வாங்கும்போதே கேளுங்கள். எங்கள் கார்டில் இரண்டுக்கும் தனித்தனி லாக். இந்த ஒன்று இல்லையென்றால் ப்ரீபெய்டு கார்டுக்கு நான் இவ்வளவு வக்காலத்து வாங்கமாட்டேன்.

குறைகளும் இருக்கின்றன. ஹோட்டலில் டெபாசிட்டுக்காகத் தொகையைப் பிடித்து வைப்பார்கள், ப்ரீபெய்டில் அது மாட்டிக்கொண்டால் பல நாள் திரும்பாது. குழுப் பயணத்தில் அறைக்கு ஆசிரியர்கள்தான் பொறுப்பு என்பதால் எங்களுக்கு அந்தத் தலைவலி வரவில்லை. விமானத்துக்குள் இருக்கும் மெஷின்கள் நெட்வொர்க் இல்லாமல் ஓடுவதால் ப்ரீபெய்டு கார்டை ஏற்காமல் போகலாம், அவளுக்கும் ஒருமுறை அப்படி ஆனது, ரொக்கத்தைக் கொடுத்தாள். வழியில் வேறொரு நாட்டில் விமானம் மாறும்போது செலவு செய்தால் கரன்சி மாற்றுக் கட்டணம் தனி. ஊர் திரும்பியதும் மீதியை எடுத்துவிடுங்கள், பல கார்டுகளில் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் மாதாமாதம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். பிள்ளையின் பெயரிலேயே கார்டு தருவார்களா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பயணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே விசாரியுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம் தங்கிப் படிக்கப் போகிற பிள்ளைக்கு எது சரி என்று என்னால் சொல்ல முடியாது, எங்கள் அனுபவம் பன்னிரண்டு நாள்தான். பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கிரெடிட் கார்டின் துணைக் கார்டு எடுத்துக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், நாங்கள் அதை யோசிக்கவே இல்லை.

கார்டு வந்த அன்றே பின் நம்பரை மாற்றி, பக்கத்து ஏடிஎம்மில் இருப்பைப் பார்க்கச் சொன்னேன். அவளுடைய முதல் முயற்சி தப்பு, இரண்டாவதும் தப்பு. மூன்றாவதும் தப்பானால் பெரும்பாலான கார்டுகள் முடங்கிவிடும், அதனால் அங்கேயே நிறுத்தி வீட்டுக்கு வந்து புதிதாக ஒரு பின் வைத்தோம், தேதி கிடையாது, போன் நம்பர் கிடையாது, அவள் மட்டுமே நினைவில் வைத்திருக்கும் நான்கு எண்கள். கார்டை மெஷினில் தட்டிப் பணம் கட்டினால் போதுமே, பின் எதற்கு என்று கேட்டாள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 50 யூரோவைத் தாண்டினால் தட்டுவது மட்டும் போதாது, பின் அடிக்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அந்த ஒரு வாரம் தினமும் ராத்திரி அவளிடம் பின்னைக் கேட்பேன். "அம்மாகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே" என்று சொல்லிவிட்டு, அடித்துக் காட்டுவதுபோல மேசையில் நான்கு முறை விரலைத் தட்டுவாள்.