மலையில் ஒரு ராத்திரி: பேரிஜம் கோபுரமா, கொலாரிபெட்டாவா, வெள்ளகெவியா?

காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரம் வரை நடந்து போய், ராத்திரி அங்கேயே தங்கி, விடியும்போது மலையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் இருக்கிறது. பழனி மலையிலும் நீலகிரியிலும் அது அப்படியே கைகூடாது. கோபுரங்கள் வனத்துறையுடையவை. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் ராத்தங்குவது குற்றம். அதனால் கோபுரம், உயரம், ராத்திரி இந்த மூன்றில் எது உங்களுக்கு முக்கியம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோபுரம்தான் முக்கியம் என்றால் கொடைக்கானலில் பேரிஜம் ஏரிக்குப் போகும் சாலை. வழியில் ‘ஃபயர் டவர்’ என்றே பெயர் விழுந்துவிட்ட இடம் இருக்கிறது. வனத்துறை அனுமதி வாங்கி வண்டியில் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். நடையும் இல்லை, ராத்திரியும் இல்லை. வயதான அப்பா அம்மாவோடு போவதற்கு நல்ல இடம்.

உயரம் வேண்டுமென்றால் நீலகிரியில் அவலாஞ்சியிலிருந்து கொலாரிபெட்டா சிகரம். 2,630 மீட்டர், நீலகிரியின் மிக உயரமான தொட்டபெட்டாவைவிட வெறும் 7 மீட்டர்தான் குறைவு. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் இருக்கும் கடினமான பாதைகளில் இதுவும் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். மரமில்லாத புல்வெளியில் நடப்பதால் நாலாபக்கமும் பார்வை ஓடும். பள்ளங்களில் மட்டும் சோலைக்காடு ஒதுங்கி நிற்கும். தீக்காவலுக்கு உச்சி ஏன் வேண்டும் என்பது இங்கே நின்றால் புரியும். சோலைக்குள் ஈரம் இருப்பதால் தீ எளிதில் நுழையாது, பற்றுவது புல்வெளிதான். டிசம்பர், ஜனவரி உறைபனியில் புல் கருகிக் காய்ந்துவிடும். இன்று செயற்கைக்கோள் எச்சரிக்கை கைபேசிக்கே வருகிறது என்றாலும், செயற்கைக்கோள் மேலே கடந்துபோகும் நேரத்தில்தான் படம் எடுக்கும். இடைப்பட்ட நேரத்தில் எழும் புகையை ஒரு மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும். ஆனால் இதுவும் பகல் நடைதான். ராத்திரி ஊட்டியிலோ எமரால்டிலோ அறை எடுத்துத்தான் தூங்க வேண்டும்.

ராத்திரிதான் முக்கியம் என்றால் மூன்றாவதான வெள்ளகெவி, கொடைக்கானலுக்குக் கீழே மலைச்சரிவில் இருக்கும் ஊர். என் மனசு இதன் பக்கம்தான். கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் இறங்கி, டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி, சுற்றுலாக் கூட்டம் நின்றுபோகும் இடத்துக்கும் கீழே இந்தப் பாதை போகிறது. சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஆட்களும் சுமைகளும் ஏறிய மலைச்சரிவு இது. தலைமுறை தலைமுறையாக நடையும் குதிரையும்தான் இந்த ஊருக்கு வண்டியாக இருந்தன. காபி, ஆரஞ்சு, எலுமிச்சை எல்லாம் இப்படித்தான் வெளியே போயின. ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கோயில்கள் நிறைந்த ஊர், ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. நீங்களும் மறக்காமல் கழற்றுங்கள்.

இங்கே கூடாரம் தேவையில்லை. ஒரு வீட்டில் கேட்டுத் தங்கலாம். இருட்டியதும் கீழே பெரியகுளம் பக்கத்து விளக்குகள் தெரியும். சரிவில் எங்கே புகை எழுந்தாலும் முதலில் பார்ப்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அதைப் பற்றிக் கேளுங்கள், பேசுவார்கள். கோபுரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு கிடைக்காது.

சிரமமும் உண்டு. உச்சிக்குப் போகும் நடையில் முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கம். வெள்ளகெவி நேர்மாறு. போகும்போது இறங்கிவிட்டு, மறுநாள் களைத்த காலோடு ஏற வேண்டும். ஏற முடியாது என்று தோன்றினால் கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கிவிடலாம். ஆனால் அந்த நீண்ட இறக்கம் முட்டியைப் பதம் பார்க்கும். மழைக்காலத்தில் அட்டைக் கடியும் சேரும். காட்டுமாடு எதிரே வந்தால் ஒதுங்கி நில்லுங்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள். வனத்துறையிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மாதம் தேர்ந்தெடுப்பதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காய்ந்த புல் சரிவில் தீக்குள் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். மேலே ஏறும் தீ மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடியது சரியான முடிவு. ‘யாரும் பார்க்க மாட்டார்கள், போகலாம்’ என்று அந்த மாதங்களில் யாராவது கூப்பிட்டால் போகவே போகாதீர்கள்.

கொலாரிபெட்டாவுக்குத் தென்மேற்குப் பருவமழையிலும் போகக் கூடாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அங்கே மழை ஓய்ந்த டிசம்பர் கடைசி தெளிவாக இருக்கும். குளிருக்குத் தகுந்த உடுப்போடு போங்கள். வெள்ளகெவிக்கு வடகிழக்கு மழை ஓய்ந்த தை மாதத்தில், பொங்கல் கழிந்த வாரம் கிளம்பினால் பாதை காய்ந்திருக்கும், புல் இன்னும் முழுக்கக் காய்ந்திருக்காது. வட்டக்கானலிலிருந்து காலையிலேயே இறங்கத் தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய்ச் சேரலாம்.