கம்மி பட்ஜெட் க்ளோஸ்டு-பேக் ஹெட்ஃபோன்: கண்ணாடி போட்ட தலைக்கு எது செட் ஆகும்?

கண்ணாடி போடுறவங்களுக்கு முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், நீங்க பாக்குற முக்காவாசி ரிவ்யூ உங்க தலைக்குப் பொருந்தாது. க்ளோஸ்டு-பேக்ல, அதாவது கப்போட வெளிப்பக்கம் மூடியிருக்குற ஹெட்ஃபோன்ல, பேஸ் ஒழுங்கா வரணும்னா பேட் (கப்புல இருக்குற மெத்தை) காதைச் சுத்தி காத்து புகாம அடைச்சு உக்காரணும், கண்ணாடிக் காம்பு பேடுக்கு அடியில நூல் அளவு சந்து விட்டாலே போதும், அடி பேஸ் அது வழியா ஓடிப் போயிடும், அப்புறம் "பேஸே இல்லப்பா இதுல"ன்னு ஹெட்ஃபோனைத் திட்டிட்டு இருப்போம். அதனாலதான் கம்ஃபர்ட்டுக்குத் தனி மார்க்கு, சவுண்டுக்குத் தனி மார்க்குன்னு போடுறது எனக்கு ஒத்தே வராது. காதுல சரியா உக்காரலேன்னா சவுண்டும் சரியா வராது, அவ்வளவுதான்.

செக் பண்ண ஒரு ஈஸி வழி இருக்கு. பேஸ் நல்லா இருக்குற பாட்டு ஒண்ண ஓட விட்டு ரெண்டு கப்பையும் கையால லேசா அழுத்திப் பாருங்க, தொம்முனு பேஸ் ஏறுச்சுன்னா சீல், அதாவது அந்த அடைப்பு, ஒழுகுதுன்னு அர்த்தம்.

இங்க ஒப்பிடுறது நாலு: சோனி எம்டிஆர்-7506, ஆடியோ-டெக்னிகா எம்40எக்ஸ், பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ (80 ஓம்; ஓம்னா மின்தடை, அது கூடுனா ஃபோன்ல சத்தம் கம்மியாகலாம்), ஏகேஜி கே371. ஒரே பாட்டு, முடிஞ்ச அளவு ஒரே வால்யூம். இந்த வால்யூம் விஷயத்துல ஏமாந்துடாதீங்க, லேசா சத்தம் கூட இருக்குறதுதான் எப்பவும் "நல்லா" கேக்குற மாதிரி தோணும். அப்புறம் குறைஞ்சது ஒன்றரை மணி நேரம் தலையில மாட்டியிருக்கணும். அஞ்சு நிமிஷம் போட்டுப் பாத்தா எல்லாமே பஞ்சு மெத்தைதான்.

7506 வந்தது 1991ல, இன்னும் விக்கிறாங்க. 230 கிராம்தான், இறுக்கமும் கம்மி, தலைக்குப் பாரமே தெரியாது. ஆனா பேட் ரொம்ப மெல்லிசு, ஆழமே இல்ல, காது கொஞ்சம் பெருசா இருந்தா உள்ள துணியில போய் இடிக்கும், ஒரு மணி நேரத்துல அந்த இடம் மட்டும் சுருக்குனு வலிக்க ஆரம்பிக்கும், போதாக்குறைக்கு வினைல் வேற, வியர்க்கும். சவுண்டு கூர்மை. வாயில வர்ற எச்சில் சத்தம், மூச்சு, எடிட்ல விட்ட சின்ன க்ளிக், எல்லாத்தையும் பிடிச்சுக் காட்டிக் குடுத்துடும், ரெக்கார்டிங் ஆளுங்க இத விடாம வச்சிருக்குறது அதுக்குத்தான். ராத்திரி சாஞ்சுக்கிட்டு பாட்டு கேக்க இது ஆள் இல்ல. 63 ஓம்னு பாத்து பயப்படாதீங்க, சென்சிடிவிட்டி (கொஞ்சம் பவர்லயே சத்தம் குடுக்குற தன்மை) அதிகம், ஃபோன்லயே நல்லா சத்தமா ஓடும். சுருள் கேபிள், கழட்ட முடியாது, எந்திரிச்சு நடந்தா ஒரு பக்கமா இழுத்துட்டே இருக்கும்.

எம்40எக்ஸ் 240 கிராம், 35 ஓம், கேபிள் கழட்டி மாட்டலாம், பாக்ஸ்லயே ரெண்டு கேபிள் வரும். அண்ணன்காரன் எம்50எக்ஸ்தான் எல்லாருக்கும் தெரியும், ஆனா என் காதுக்கு தம்பிதான் நிதானம், பேஸ் கொஞ்சம் தூக்கல், நடுவுல குரல் தெளிவு, எதுவும் கத்தாது. பிரச்சினை எல்லாம் பேடுலதான். ஓட்டை சின்னது, புதுசுல விறைப்பு, இறுக்கமும் ஜாஸ்தி, கண்ணாடிக் காம்பு நெத்திப்பொட்டுல அமுங்கி மண்டை விண்ணுனு தெறிக்கும். பெரிய பேட் வாங்கி மாட்டிக்கோங்கன்னு சொல்லுவாங்க, மாட்டலாம், ஆனா பேட் மாறுனா காதுக்கும் ட்ரைவருக்கும் (கப்புக்குள்ள சத்தம் எழுப்புற குட்டி ஸ்பீக்கர்) உள்ள தூரம் மாறும், சவுண்டும் மாறும், அப்புறம் அது நீங்க ஆசைப்பட்டு வாங்குன எம்40எக்ஸே இல்ல.

கே371 இந்த நாலுல விசித்திரமான பையன். 50 மில்லிமீட்டர் ட்ரைவர், 255 கிராம், ஹார்மன் கம்பெனி ஆராய்ச்சில வந்த கர்வை (பெரும்பாலானவங்க காதுக்குப் பிடிச்ச சவுண்டு அளவு) ஒட்டி ட்யூன் பண்ணது. சீல் சரியா விழுந்துச்சுன்னா சவுண்டுல மத்த மூணையும் தள்ளி வச்சிடலாம், மிருதங்கத்தோட தொப்பிப் பக்கம் உப்பாம, ஊதாம, தோல் அதிர்ற மாதிரி வரும். ஆனா அந்த "விழுந்துச்சுன்னா"லதான் எல்லாம் இருக்கு. கண்ணாடி போட்டா பேஸ் காலி, தலையை ஆட்டுனா கப் நகரும், காதுக்குக் கீழ, தாடைப் பக்கம் சந்து விழும், திரும்பவும் பேஸ் காலி. கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டப்போ வேற ஹெட்ஃபோன்னே நெனச்சேன்.

டிடி 770 ப்ரோ 270 கிராம், நாலுலயும் கனம் இதுதான், ஆனா தலையில போட்டா அப்படித் தெரியாது. வட்டமான பெரிய வெல்வெட் பேட், காது முழுசா உள்ள போயிடும், வியர்வையும் கம்மி, காம்பு மேல மெத்துனு உக்காரும். சவுண்டுல பேஸ் கூட, மேல, கீச்சுனு கேக்குற 8-9 கிலோஹெர்ட்ஸ் பக்கம், சத்தம் மேடு மாதிரி ஏறும், "ஸ", "ஷ" எல்லாம் ஊசி மாதிரி குத்தும். ஈக்யூல (எந்தத் தொனி எவ்வளவு வேணும்னு கூட்டிக் குறைக்குற செட்டிங்) அங்க ஒரு 4 டெசிபல் குறைச்சேன், சரியாப் போச்சு. வாங்கும்போது ஓம் பாத்து வாங்குங்க, 32, 80, 250னு வருது, 250 ஓமை ஃபோன்ல மாட்டிட்டு சத்தம் பத்தலன்னு புலம்புறவங்க எக்கச்சக்கம். 80 ஓமோட கேபிள் 3 மீட்டர், அதுவும் கழட்ட முடியாது, மேஜைக்குத்தான் லாயக்கு.

வெளிச் சத்தம் உள்ள வரவே கூடாதுன்னா சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ பக்கம் போங்க. கம்பெனிக் கணக்குல அது 32 டெசிபல் வரைக்கும் தடுக்குது, 770க்கு 18தான் போட்டிருக்காங்க. அவ்வளவு அடைக்கணும்னா அவ்வளவு இறுக்கணும், என் நெத்திப்பொட்டு அரை மணி நேரம் கூடத் தாங்கல, அதான் போட்டியிலயே சேக்கல.

கண்ணாடி இல்லாத ஆளுக்கு யோசிக்காம கே371. குரல் எடிட் பண்றவங்களுக்கு 7506, நடுநடுவுல கழட்டி காதுக்கு ரெஸ்ட் குடுத்துக்கணும். ஃபோன், லேப்டாப், பைல தூக்கிட்டு அலையுறதுன்னு எல்லாத்துக்கும் ஒண்ணுதான் வேணும்னா எம்40எக்ஸ், முதல் ரெண்டு வாரம் பல்லைக் கடிச்சுக்கோங்க. இத டைப் பண்ணும்போது என் தலையில இருக்குறது 770, போட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு, கண்ணாடியோடதான்.