பச்சையா, சிவப்பா? செல்லுக்குள் புரதத்தின் வழியைப் பார்க்க எது தோது

தாவர செல்லில் எண்டோபிளாச வலை என்னும் சவ்வு வலையில் உருவாகும் புரதங்களில் பல, அவற்றைப் பிரித்து அனுப்பும் கோல்கை வழியாக, வாக்குவோல் என்னும் பெரிய நீர்ப்பைக்கோ செல்லுக்கு வெளியிலோ போகின்றன. அந்தப் போக்கைக் கண்ணால் பார்க்க, ஒளிரும் புரதம் ஒன்றை அதோடு இணைத்துவிடுவார்கள். போட்டி பெரும்பாலும் இரண்டுக்குள்தான்: ஜெல்லிமீன் தந்த, பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி; டிஎஸ்ரெட் என்னும் சிவப்புப் புரதத்தைத் திருத்தித் திருத்தி 2004-இல் வந்த, சிவப்பாக ஒளிரும் எம்செர்ரி.

புறப்படும் இடத்தில் ஜிஎஃப்பி-யை அடித்துக்கொள்ள ஆளில்லை. புகையிலை இலையின் மேல்தோலில் எண்டோபிளாச வலை பச்சை நூல்வலையாகத் தெரியும்; கோல்கை அடுக்குகள் அதன்மேல் புள்ளி புள்ளியாக ஓடும். அவை செல்லுக்குள் தண்டவாளம் போலிருக்கும் ஆக்டின் என்னும் புரத இழைகளைப் பிடித்தே ஓடுகின்றன என்பது 1998-இல் தெரிந்ததும் ஜிஎஃப்பி-யால்தான்.

சிக்கல் போய்ச்சேரும் இடத்தில். வாக்குவோலுக்குள் அமிலம், பிஎச் சுமார் 5.5. அங்கே ஜிஎஃப்பி மங்கிவிடும். போதாததற்கு, வெளிச்சத்தில் வளரும் செடியில் நொதிகள் அதைச் சிதைத்தும் விடும். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் நாற்றைக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்தால் வாக்குவோல் பச்சையாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் செடியை இருட்டில் அடைத்துக்கொண்டிருக்க முடியுமா? எம்செர்ரிக்கு அந்தத் தொல்லை இல்லை. அமிலத்திலும் அசராமல் ஒளிரும்.

அதுவே அதன் குறையும். கூட வந்த புரதம் சிதைந்த பிறகும் எம்செர்ரி மட்டும் மிஞ்சி நிற்கும். ஆகவே வாக்குவோலில் சிவப்பு தெரிவதை மட்டும் வைத்துப் புரதம் முழுசாக இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. புரதங்களைப் பருமன்படி பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் அதன் பருமன் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பச்சையத்தின் சொந்தச் சிவப்பொளி வேறு குறுக்கே வரும். அது 680 நானோமீட்டர் பக்கம், எம்செர்ரி 610. வடிகட்டியைச் சரியாக வைத்தால் சமாளிக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், ஜிஎஃப்பி-யின் பலவீனத்தையே கருவியாக்கியிருக்கிறார்கள். செல்லுக்கு வெளியே சுரக்கப்படும் ஜிஎஃப்பி அங்குள்ள அமிலத்தில் மங்கிக் கிடக்கும். வழியில் எங்காவது போக்குவரத்தைத் தடுத்தால் உள்ளேயே தேங்கிப் பளிச்சென்று ஒளிரும். மரபணு மாறிப் போக்குவரத்து கெட்ட திரிபுச் செடிகளைத் தேட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. எம்செர்ரியால் இது ஆகாது.

என்னைக் கேட்டால், வாக்குவோல் கேள்விக்குச் சிவப்பு, தடுப்புக் கேள்விக்குப் பச்சை. அப்புறம், எந்த நிறமானாலும் ஒட்டும் இடம் முக்கியம். எச்டிஇஎல் (எண்டோபிளாச வலையிலேயே இருக்கச் சொல்லும் நான்கு அமினோ அமிலக் குறி) போன்ற முகவரி புரதத்தின் கடைசி நுனியில்தான் இருக்கும். அதற்குப் பின்னால் ஒளிர் புரதத்தை ஒட்டினால் முகவரி மறைந்து, சரக்கு வேறு எங்கோ போய்விடும்.