முயலுக்குப் புதிய வீடு: கடையா, காப்பகமா, நாமே தேடுவதா?

இரண்டும் பெண் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கிவந்த முயல்களில் ஒன்று ஆண் என்பது, நான்காம் மாதத்தில் கூண்டின் மூலையில் தாய் தன் முடியைப் பிடுங்கி அமைத்த படுக்கையையும் அதற்குள் நெளிந்த ஐந்து குட்டிகளையும் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சென்னையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் ஏழு முயல்களை வைத்துக்கொள்ள இயலாது என்பதால், ஐந்துக்கு வேறு வீடு தேட வேண்டியதாயிற்று.

ஏரிக்கரையிலோ பூங்காவிலோ விட்டுவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. வளர்ப்பு முயல் ஐரோப்பியக் காட்டுமுயலின் வழிவந்தது; நம் புதர்க்காடுகளில் ஓடும் முயல் வேறோர் இனம். வெளியே விடப்பட்ட வளர்ப்பு முயலை நாயோ பூனையோ பிடித்துவிடும். தவிர, பசியாலும் தாகத்தாலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கடையில் திருப்பிக் கொடுப்பது மிக எளிது; அதன் குறையும் அதுவே. யார் வாங்கினார்கள், எங்கே வைத்தார்கள் என்பது அதன்பின் நமக்குத் தெரியாது. எங்களிடம் வந்த அதே தவறான தகவலோடு நம் குட்டிகளும் இன்னொரு வீட்டுக்குப் போகும்.

காப்பகத்தைப் பொறுத்தவரை நான் நேரில் பார்த்தது ஒன்றே ஒன்று என்பதால், அதை வைத்து எல்லாவற்றையும் எடைபோட மாட்டேன். அங்கிருந்தவர்கள் அக்கறையானவர்கள், ஆனால் இடம் முழுவதும் நாய்களுக்காக அமைந்திருந்தது. பிற விலங்குகளுக்கு இரையாகும் இனமான முயலுக்கு, ஓயாத குரைப்புக்கு நடுவே இருப்பதே பெரும் அச்சுறுத்தல். முயலுக்கெனத் தனி அறை உள்ள காப்பகம் கிடைத்தால் என் கருத்து மாறக்கூடும்.

ஆகவே நாமே தேடுவது என்று முடிவு செய்தோம். ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. "இலவசம்" என்று அறிவிக்கக் கூடாது என்பது முதல் பாடம். அப்படி அறிவித்த அன்றே வந்த அழைப்புகளில் பாதி, முயல் எத்தனை கிலோ இருக்கும் என்றுதான் விசாரித்தன. கறிக்காக முயல் வளர்ப்பதில் எனக்குக் குறையொன்றும் இல்லை, ஆனால் பெயர் வைத்து வளர்த்ததை அதற்குத் தர மனம் வரவில்லை. கேட்டு வந்தவர்களிடம், மே மாத மதியத்தில் கூண்டு எங்கே இருக்கும், அன்றாடம் புல்லுக்கு என்ன வழி, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற மூன்றையும் கேட்டோம். மொட்டைமாடித் தகரக் கொட்டகையைச் சொன்னவர்களுக்கு மறுத்துவிட்டோம். முப்பது டிகிரியைத் தாண்டினாலே முயல் வெப்பத்தில் தவிக்கத் தொடங்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது கருத்தடை. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள். குட்டி ஈன்ற அன்றே தாய் மீண்டும் சினையாகிவிடக்கூடும். தந்தையைத் தனிக்கூண்டுக்கு மாற்ற நாங்கள் ஒரு நாள் தாமதித்தும் அடுத்த ஈற்று வராதது வெறும் அதிர்ஷ்டம். கருத்தடை செய்யாமல் ஆணும் பெண்ணுமாக ஒரு வீட்டுக்குக் கொடுத்தால், நாம் பட்ட பாட்டை அப்படியே அவர்கள் தலையில் கட்டுகிறோம். தனியாகக் கொடுத்தாலும், பருவமடைந்த முயல் வீடெங்கும் சிறுநீர் பீய்ச்சுவதும் கடிப்பதும் வளர்ப்பவரை வெறுக்கச் செய்துவிடும். கருத்தடை அதைப் பெரிதும் குறைக்கிறது. பெண் முயலுக்கு வயதாகும்போது வரும் கருப்பைப் புற்றுநோயையும் அது தவிர்க்கிறது. ஆணுக்கு நான்கு மாதத்திலும் பெண்ணுக்கு ஆறு மாதத்தை ஒட்டியும் செய்யலாம். அறுவைக்குப் பின்னும் ஆண் சில வாரங்களுக்குக் கருத்தரிக்கச் செய்யும் திறனோடு இருக்கும் என்பதால், அதுவரை பெண்ணோடு விடக்கூடாது.

மருத்துவரைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். முதல் நாள் இரவு பட்டினி போடச் சொன்ன ஒரு மருத்துவரிடம் நாங்கள் போகவில்லை. முயலால் வாந்தி எடுக்க இயலாது. அதன் குடல் இயக்கம் நிற்கவும் கூடாது. ஆகையால் நாய்க்கும் பூனைக்கும் உரிய பட்டினி விதி அதற்குப் பொருந்தாது. மூன்று ஆண் குட்டிகளுக்கும் அறுவை எளிதாக முடிந்தது. பெண்ணுக்கு அது பெரிய அறுவை. நாங்கள் ஒன்றுக்குத்தான் செய்திருக்கிறோம், அது தேற நான்கு நாட்கள் ஆயின.

கொடுக்கும்போது, பழகிய துணியைத் துவைக்காமலும், ஒரு வாரத்துக்கு வழக்கமான அருகம்புல்லையும் வேலிமசால் என்னும் தீவனத்தழையையும் உடன் அனுப்பினோம். புதிய இடத்தில் அரை நாள் தின்னாமல் கிடந்தால் உடனே மருத்துவரிடம் போகும்படியும், வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் எங்களிடமே திருப்பித் தரும்படியும் எழுதிக் கொடுத்தோம். ஆறாம் மாதத்தில், குழந்தைக்கு ஒவ்வாமை என்று ஒன்று அதே துணியோடு திரும்பி வந்தது. அறுவை செய்யாததால் கொடுக்காமல் வைத்துக்கொண்ட பெண் குட்டியையும், தாய் தந்தையையும் சேர்த்து, இப்போது எங்களிடம் நான்கு.